ஒரே ரோல் துணியும் என் வீட்டுக்காரரின் ரப்பர் ஷீட்டும்

புதிதாகக் கேமரா தூக்கியிருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

நம் போட்டோக்காரர்கள் குழுவில் என்னையும் ஏதாவது எழுதச் சொன்னீர்கள். "எக்கா, எந்த லென்சு, எந்த லைட்டு, அதெல்லாம் சேத்து எழுதுங்க" என்று ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பியிருந்தான். எழுத மாட்டேன். அதைச் சொல்லித்தர உங்கள் போனுக்குள்ளேயே ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைவிட நல்ல தலைமுடியும் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்காததால் போன கிறிஸ்துமஸோடு நான் தொழிலை விட்டுவிட்டேன். முப்பது வருஷமாக ஊரையே சிரிக்கச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதுதான் நிம்மதியாக எல்லாரையும் முறைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நான் எழுதப்போவது நான் செய்த ஒரு மடத்தனத்தைப் பற்றி. இதைப்போல ஒன்றை நீங்களும் கட்டாயம் செய்வீர்கள். செய்யும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் கொட்டகையைச் சொல்லிவிடுகிறேன். அருமனையில் என் கடை மாடியில் இருந்தது. மற்ற மாதங்களில் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் எப்படியோ ஏறி வந்துவிடுவார்கள். கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏற மாட்டார்கள். குழந்தை தூங்கும், மாமனாருக்கு மூச்சு வாங்கும், புதுச் சேலை படியில் மாட்டிக்கொள்ளும். அதனால் டிசம்பர் வந்தால் என் ஸ்டூடியோ என் வீட்டுக்காரரின் ரப்பர் கொட்டகைக்குக் குடிபோகும். சர்ச்சில் ஆராதனை முடிந்து இறங்கினால் நேரே எங்கள் கொட்டகைதான். பன்னிரண்டு அடி அகலம், மேலே தகரம். இரண்டு லைட், ஒரு துணி, எடுத்த படத்தை அப்போதே காட்ட ஒரு பழைய டிவி, பிள்ளைகள் உட்கார ரப்பர்பால் வாளிகள் மூன்று கவிழ்த்துப் போட்டிருக்கும். அதன் மேல் சரிகைத் தாள் ஒட்டியிருப்பேன். வாளி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் அதே வாளிதான்.

இந்தக் கொட்டகையால் எங்களுக்குள் வருஷா வருஷம் ஒரு சண்டை உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் இருக்கின்றன. பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து அழுத்தி, பாய் மாதிரி வருவதை மூங்கிலில் தொங்கவிட்டு உலர்த்துவார் என் வீட்டுக்காரர். அதுதான் ஷீட். உலர்ந்த ஷீட் பார்க்கத் தேன் நிறத்தில் அழகாக இருக்கும். உலராத ஷீட்டின் வாடையைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள்.

"டிசம்பர் பத்துக்குள்ள ஒரு ஷீட்டுகூட இஞ்ச கெடக்கப்பிடாது, சொல்லிட்டேன்" என்றேன், இந்த மடத்தனம் நடந்த வருஷமும்.

"கெடக்காது பிள்ளே" என்றார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள், அந்த 'கெடக்காது' கொஞ்சம் வேகமாக வந்ததைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார். பெயரைப் போட்டால் அவருக்குக் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். நான் எடுத்த முதல் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் காதிலிருந்து ஒரு வாழைப்பூ தொங்கியது. பின்னால் நின்ற வாழையை நான் பார்க்கவே இல்லை. அவர் படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு, "முன்னால நிக்க ஆளைக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. பின்னால என்ன கெடக்குன்னு நீ பாரு" என்றார். அதை அன்றைக்கே மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். மனப்பாடம் பண்ணியதோடு சரி.

அந்த வருஷம் பின்னால் கட்டப் புதுத் துணி வேண்டும் என்று புதுக்கடை என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஒரு துணிக்கடைக்காரர் சிவப்பில் பொன் நட்சத்திரம் போட்ட ஒரு ரோலை மேசையில் உருட்டிவிட்டார். கண்ணைப் பறித்தது.

"எக்கா, ஒரே ஒரு ரோலாக்கும் வந்தது. இந்த ஜில்லாவுலயே வேற ஆருக்க கையிலயும் இருக்காது" என்றார்.

நான் குளிர்ந்துபோனேன். கொட்டகைக்கு வேண்டிய அளவு கிழித்து வாங்கிக்கொண்டேன். மிச்ச ரோல் என்ன ஆகும், அதை யார் வாங்குவார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. என் புத்தி அவ்வளவுதான்.

இனி லில்லி அக்கா. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மா இறந்தபோது லில்லி அக்காவுக்குப் பதினாறு வயது, தம்பிகள் இருவரும் பொடியன்கள். ரப்பர் வெட்டப் போகும் அப்பாவுக்கும் தம்பிகளுக்கும் சோறு பொங்கிப் போட்டு, அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்பி, பெரியவன் ஞானதாஸைச் சவுதியின் தம்மாமுக்கும், சின்னவன் செல்வினைக் கல்யாண மேடைக்கும் ஏற்றிவிட்டது லில்லி அக்காதான். பட்ட பாட்டுக்கெல்லாம் பலனாக, அந்த இரண்டு பேரும் அப்போது நாலு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

காரணம் ஒரு சக்கை. பலாப்பழம் என்று எழுதினால் அந்தச் சண்டையின் கனம் தெரியாது, அது நல்ல வரிக்கச்சக்கை. மரம் பெரியவன் தோட்டத்தில், கிளை சின்னவன் முற்றத்தில். ஒரு நாள் இருபது கிலோவில் ஒன்று விழுந்து செல்வினின் புது பைக்கின் டேங்கைச் சப்பையாக்கிவிட்டது. செல்வின் அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். தம்மாமிலிருந்து ஞானதாஸ் பதில் போட்டான்: "சக்கையை என்ன செய்தே?"

பைக் எப்படி இருக்கிறது, உனக்கு அடிபட்டதா, ஒன்றும் கேட்கவில்லை. செல்வின் அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினான். அவ்வளவுதான் விஷயம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுச் சண்டையும் இதைவிடப் பெரிதாக இருக்காது.

அந்த டிசம்பரில் ஞானதாஸ் பத்து நாள் லீவில் வந்திருந்தான். கிறிஸ்துமஸன்று சாயங்காலமே திருவனந்தபுரத்தில் விமானம். லில்லி அக்கா ஒரு வாரம் முன்பே என்னிடம் வந்தாள்.

"புஷ்பம், எனக்கு ஒரே ஒரு படம் போதும். இவனுவ ரெண்டுபேரும் நானும் ஒரு சட்டத்துக்குள்ள இருக்கணும். கம்பெனியில இனி மூணு வருசத்துக்கு லீவு கெடையாதாம். மூணு வருசம் கழிஞ்சா ஆரு இருப்பா, ஆரு போவா?"

"வருவினுமா ரெண்டுபேரும்?"

"வருவானுவ. நான் பட்டினி கெடப்பேன்னு சொல்லிட்டேன். ஆனா பேச மாட்டானுவளாம். பேசாம நிண்ணாப் போதும்னு நானும் சம்மதிச்சாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லாருக்கும் ஒரே துணியில தச்சிருக்கேன். ஒருத்தனுக்கு நல்லது, ஒருத்தனுக்குச் சீத்தைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது பாரு" என்றாள்.

என்ன துணி என்று நான் கேட்டேனா? இல்லை. தங்கச்சிகளே, இந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். என்ன நிறத்தில் உடுத்திக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்க நாலு வார்த்தை செலவாகும். அந்த நாலு வார்த்தையை நான் மிச்சம் பிடித்தேன்.

முதல்நாள் ராத்திரியே என் வீட்டுக்காரர் துணியைக் கட்டிவைத்திருந்தார். கிறிஸ்துமஸ் காலையில் கொட்டகையைத் திறந்தால் ஒரு வாடை. சுவரில் பழைய வாடை ஊறியிருக்கிறது என்று நினைத்து, என் தம்பி கல்ஃபிலிருந்து கொண்டுவந்த செண்டை மூலைக்கு மூலை அடித்தேன். வாடை போகவில்லை. இரண்டும் சேர்ந்து, ஷேக் ஒருவர் ரப்பர் ஃபேக்டரியில் செத்துக் கிடப்பதுபோல் ஆயிற்று. வந்த குடும்பங்கள் மூக்கைச் சுருக்கி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. நான் ஒரு கைக்குழந்தையின் அம்மாவைத் தனியாக அழைத்து, "பிள்ளைக்குத் துணி மாத்திட்டு வா மக்கா" என்றேன். பாவம், போய் மாற்றிக்கொண்டு வந்தாள். வாடை அப்படியே இருந்தது. அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. நான் இன்னும் அதனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு லில்லி அக்கா குடும்பம் வந்தது. வாசலில் டாக்ஸி நின்றது. பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. பன்னிரண்டுக்குக் கிளம்பாவிட்டால் விமானம் போய்விடும் என்று டாக்ஸிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். தூறல் வேறு. பதினாலு பேர் குடைகளை மடக்கிக்கொண்டு நெருக்கியடித்து உள்ளே நுழைந்தார்கள். எனக்கு யாருடைய உடுப்பையும் பார்க்க நேரமில்லை, வாடையை யார்மேல் போடலாம் என்பதிலேயே கவனம்.

என் வீட்டுக்காரர்தான் என் காதருகே வந்து, "ஏட்டி, இவியளுக்கு நம்ம துணி எப்பிடி கெடச்சுது?" என்றார்.

"சும்மா கெடங்க, வேலை கெடக்கு" என்றேன். ஊர் எச்சரித்தால் கேட்பேன், மகள் எச்சரித்தால் கேட்பேன். வீட்டுக்காரர் எச்சரித்தால் காது தானாக மூடிக்கொள்ளும். இது ஒரு நோய்.

லில்லி அக்காவை நடுவில் நாற்காலியில் உட்கார வைத்தேன். தம்பிகள் இரண்டு பேரையும் அவளுக்குப் பின்னால், ஆளுக்கொரு தோள்பக்கம். மற்றவர்கள் இரண்டு புறமும், பிள்ளைகள் வாளிமேல். நிற்க வைத்துப் பார்த்தால் அக்காவின் தலைக்கு நேர் பின்னால், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே, இன்னொரு ஆள் தாராளமாக நிற்கும் அளவு வெளி. படத்தின் நட்ட நடுவில் ஒரு பொக்கைப்பல்.

"செல்வின், கொஞ்சம் உள்ள வா மக்கா."

"அந்த ஆளை வரச் சொல்லுங்க" என்றான் செல்வின், மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு. அவன் அண்ணனுக்கு நாலு வருஷமாக அந்தக் குடும்பத்தில் அந்த ஆளு என்றுதான் பெயர்.

"ஞானதாஸ், நீயாவது..."

"நான் நிக்க எடத்துலதான் நிக்கேன். வேணும்னா அவன் வரட்டு."

கைக்கடிகாரம் பதினொன்று ஐம்பதைக் காட்டியது. சரி, நிற்கிற மாதிரியே நில்லுங்கள் என்று லைட்டைப் போட்டு அழுத்தினேன். படம் டிவியில் வந்தது.

டிவியில் பதினாலு தலைகள் இருந்தன. வேறொன்றும் இல்லை.

பின்னால் சிவப்பில் பொன் நட்சத்திரம். முன்னால் சட்டை, பாவாடை, சேலை, ரவிக்கை, கவுன் எல்லாம் சிவப்பில் பொன் நட்சத்திரம். எது துணி, எது ஆள் என்று கர்த்தருக்கே வெளிச்சம். கிறிஸ்துமஸ் வானத்தில் பதினாலு தலையும் இருபத்திச் சொச்சம் கைகளும் மிதந்தன. மூலையில் ஒரு கை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாக இருந்தது. அது யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாரும் தலையை நீட்டி டிவியில் தங்களைத் தேடினார்கள். வாளிமேல் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும், "அத்தே, எனக்க ஒடம்பு எங்க?" என்று அழ ஆரம்பித்தாள்.

"நான் அப்பமே சொன்னேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெட்கத்தில் எனக்குக் காது சூடேறிவிட்டது. அந்தத் துணிக்கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை, ஒரே ரோல்தான். அதை எனக்கும் லில்லி அக்காவுக்கும் பங்கு வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் சொல்வது கேட்கிறது: 'இதுக்குப் போயி! கம்ப்யூட்டருல பின்னால வேற ஒண்ணை வெட்டி ஒட்டலாமே! அந்த வெளியையும் சேத்து ஒட்டி நெருக்கி வச்சிரலாமே!' ஆமாம், வைக்கலாம். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. வாயைத் திறந்து, "பரவாயில்ல, நான் சரி பண்ணித் தாரேன், நீங்க கெளம்புங்க" என்று சொல்லப்போனேன். அதற்குள் லில்லி அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதே போதும் புஷ்பம். மாத்தாண்டாம்."

"என்னக்கா சொல்லுதிய? ஆளே இல்லியே இதுல!"

"பாரு, இவனுவளுக்கு எடையில உள்ள வெளி இதுல தெரியல்ல" என்றாள்.

உண்மைதான். எல்லாம் ஒரே துணியாக இருந்ததால் தம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி படத்தில் காணாமல் போயிருந்தது. அந்த அக்கா அதைத்தான் முதலில் தேடியிருக்கிறாள். தம்பிகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் ஒரு அடி நகரவில்லை, சவங்கள்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. என்மேல், தம்பிகள்மேல், அந்த நட்சத்திரங்கள்மேல். ஆள் தெரியாத படத்தைக் கொண்டுபோய் ஒரு பொம்பளை மூணு வருஷம் சுவரில் மாட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாளா? கம்ப்யூட்டரில் நான் ஒட்டிக் கொடுத்தால் மட்டும் என்ன? ஊரை ஏமாற்றலாம், அந்த வெளியைத் தன் தலைக்குப் பின்னால் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தவளை ஏமாற்ற முடியாது.

"ஏறி அந்தத் துணியைப் பிடிச்சு இழுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "பின்னால மண்சுவருதான? சுவரே போதும்."

அவர் அசையவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"துணி கெடக்கட்டு பிள்ளே."

"இழுங்கங்கேன்!"

"அது... வேண்டாம். சுவரு பாக்கக் கொள்ளாது."

எட்டு நிமிஷம்தான் பாக்கி. நானே போய் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். துணி மொத்தமும் சரிந்து என் தலைமேல் விழுந்தது. நான் துணிக்குள் கிடந்து தட்டுத்தடுமாறி வெளியே வருவதற்குள் கொட்டகை முழுவதும் "எனக்க தள்ளே!" என்று அம்மாவைக் கூப்பிடும் ஒரு சத்தம்.

பின்னால் சுவர் இல்லை. சுவரை மறைத்துக்கொண்டு, மூங்கிலில் வரிசை வரிசையாக, நாற்பது ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. பாதிதான் உலர்ந்தவை.

காலையிலிருந்து வந்த வாடையின் ஊற்று அதுதான். நான் ஒரு பாவப்பட்ட குழந்தையைத் துணி மாற்ற அனுப்பியிருக்கிறேன்.

"கெடக்காதுன்னு சொன்னிய!"

"கெடக்கல்ல, தொங்குது" என்றார். பிறகு, "வெளிய மழை பெய்யுதில்லா பிள்ளே, நான் எங்க கொண்டு போட்டு ஒணக்க?" என்று பரிதாபமாகச் சேர்த்தார்.

கிறிஸ்துமஸன்று, பதினாலு பேர் முன்னிலையில், நான் என் வீட்டுக்காரரை என்னென்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம், இதைப் போதகர் வீட்டிலும் படிப்பார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கவனித்தேன். ஞானதாஸ் நின்ற இடத்தை விட்டு நகர்ந்திருந்தான். ஒரு ஷீட்டை மூங்கிலிலிருந்து உருவி, லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் வெட்டுகிறவர் வீட்டில் பிறந்தவன் தம்மாமுக்குப் போனால் என்ன, நிலாவுக்குப் போனால் என்ன? ஷீட்டைக் கண்டால் கை தானாக வெளிச்சத்துக்குப் போகும்.

"இதாரு போட்ட ஷீட்டு?"

"நானாக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமை.

"புள்ளி கெடக்கது பாத்தியா?" என்றான் ஞானதாஸ். யாரிடம் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"புள்ளி மட்டுமா?" என்று ஒரு குரல். செல்வின். அவனும் வந்து ஷீட்டின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துவிட்டான். "கொமிழைப் பாரு. ஆசிட்டு கூடிப்போச்சு."

"ஆசிட்டு மட்டுமில்ல, ரோலரும் சரியா கொடுக்கல்ல. ஒரு பக்கம் பப்படம், ஒரு பக்கம் தோசை."

"குடுங்கப்பா, அது ரெண்டாந்தரம்" என்று கை நீட்டினார் என் வீட்டுக்காரர்.

"நாலாந்தரம்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

நாலு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் போடும் லட்சணம்.

எனக்கு வாய்வரை வந்துவிட்டது, 'இங்க பாருங்க, ரெண்டுபேரும் அப்பிடியே சிரிங்க' என்று. எத்தனை வருஷப் பழக்கம்! நாக்கைக் கடித்துக்கொண்டேன். தம்பிகளே, அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மூச்சு விடாமல் கேமராவுக்குப் பின்னால் போனேன். ஒரு ஷீட்டின் அகலம் எவ்வளவு, ஒன்றரை அடி. இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்தால் தோள் உரசாமல் நிற்கவே முடியாது. பொக்கைப்பல் இருந்த இடத்தில் லைட் வெளிச்சம் ஊடுருவி அந்த நாலாந்தர ஷீட் தேன் நிறத்தில் தகதகவென்று இருந்தது. சிவப்புச் சட்டைகள் அதன் முன்னால் எடுப்பாகத் தெரிந்தன. லில்லி அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, இரண்டு பேரையும் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. மூடவே இல்லை.

"நம்ம அப்பன் இதைப் பாத்திருந்தா அடிச்சிருப்பாரு" என்றான் செல்வின்.

"ஆரை?"

"ஒன்னைத்தான். நீதான ஆசிட்டைக் கூட்டி விடுவே."

"நானா? ஏலே, பாலுல தண்ணியைக் கலந்துட்டு எனக்க தலையில போடுகது ஆரு?"

"அதுக்குத்தான் நீ என்னை ரோலருக்கு அடியில தள்ளினியா?"

"நீ அதை இன்னும் மறக்கல்லியா?"

நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. வாளி ஒன்று சாய்ந்து ஒருத்தி சரிந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் என் வீட்டுக்காரரின் முழங்கை சட்டத்துக்குள் வந்துவிட்டது, அதுவும் கோபமாகத்தான் இருந்தது.

டாக்ஸிக்காரர் ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை. கட்டிப்பிடித்தல், கண்ணீர், மன்னிப்பு, அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளிடம் நீங்கள் அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஞானதாஸ் அக்காவின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறினான். கதவைச் சாத்தும்போது தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஆசிட்டு அளவை அந்த ஆளுக்குச் சொல்லிக் குடு!" என்று கத்தினான்.

அந்த ஆளு இப்போது என் வீட்டுக்காரர்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. முப்பது வருஷத் தொழிலில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்காத குடும்பப் படத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. இருந்தாலும் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டி வைத்தேன். லில்லி அக்கா கொட்டகைக்கே வந்தாள். மடியில் வைத்துப் பார்த்தாள். தம்பிகளின் தோள் உரசும் இடத்தில் விரலை ஓட்டினாள்.

"எக்கா, அந்தத் தலைப்படமும் இருக்கு. வேணும்னா அதையும் போட்டுத் தாரேன்" என்றேன் பயந்துகொண்டே.

"எதுக்கு? இதுல அந்த வெளி இல்லியே" என்றாள்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. செல்வின். கையில் ஆசிட் அளக்கும் கண்ணாடிக் குவளை ஒன்று. அக்கா உள்ளே இருப்பதை அவன் பார்க்கவில்லை.

"மாமா இருக்காவளா? ஆசிட்டு அளவு காட்டிக் குடுக்கணும். எனக்க அண்ணன் சொல்லிவிட்டான். நேத்து ராத்திரியும் போன் போட்டுக் கேட்டான், போனியா போனியான்னு. ஒரே தொந்தரவு" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனான்.

லில்லி அக்கா என் கையைப் பிடித்தாள்.

"புஷ்பம், இவன் இப்ப என்ன சொன்னான்?"

"ஆசிட்டு அளவு காட்டணுமாம்."

"அதில்ல. ஆரு சொல்லிவிட்டான்னு சொன்னான்?"

"அண்ணன்னு சொன்னான்க்கா."

அவள் சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை, வரும் முன்புதான் நான் துடைத்து வைத்திருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பின்பக்கம் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது: "எனக்க ஷீட்டுக்கு இப்பம் என்னடே கொறச்சல்?"